இலையின் இடது பக்கம்

கண் பரிசோதனை வேலை என்றால், எதிரில் இருப்பவர் "தெரியுது" என்று சொல்லும்வரை கண்ணாடி மாற்றிக்கொண்டே இருப்பதுதான் என்று நினைப்பீர்கள். காரைக்குடியில் ஒரு கண் மருத்துவமனையில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். கண் பாதி வேலைதான் பார்க்கிறது, மீதியைப் பார்ப்பது மூளை. அந்த மீதியைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

படிக்கட்டு ஆடியது

கண்ணாடி போட்டவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். மேல் பாதி தூரத்துக்கு, கீழ் பாதி வாசிக்க என்று ஒரே கண்ணாடியில் இரண்டும் இருந்தால், முதல் சில நாள் தரை எங்கோ பள்ளத்தில் கிடக்கும். நாச்சியாபுரத்து டீச்சர் ஒருவர், படிக்கட்டு ஆடுகிறது என்று கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவே வந்துவிட்டார். சோதித்துப் பார்த்தேன், பவரில் ஒரு குறையும் இல்லை. நன்றாகத் துடைத்துக் கையில் கொடுத்து, ஒரு வாரம் கழற்றாமல் போடச் சொன்னேன். தரை எங்கே இருக்கிறது என்று அவருடைய மூளை அதற்குள் புதுக் கணக்குப் போட்டுக்கொண்டது. மறுபடி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன செஞ்சீகன்னு தெரியல, கண்ணாடியை அருமையாச் சரிபண்ணிக் குடுத்துட்டீக."

இனிப்பு வைக்கவில்லை

கல்லல் பக்கத்து விவசாயி ஒருவரை அவர் மகள் கூட்டி வந்தாள். புதுசாகக் கல்யாணமானவள். மறுவீட்டு விருந்தில் சம்பந்தி வீட்டார் தன் இலையில் மட்டும் இனிப்பு வைக்காமல் அவமானப்படுத்திவிட்டார்கள் என்று, அவர் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறார். அந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன், நீயும் போகவேண்டாம் என்று மகளையும் வீட்டோடு நிறுத்திவிட்டார். எங்களிடம் வந்தது அதற்காக இல்லை. பேப்பர் வாசிக்கத் தடுமாறுகிறார் என்றுதான் வந்தார்கள்.

எழுத்துப் பலகையில் ஒவ்வொரு வரியிலும் வலது பக்கத்து எழுத்துகளை மட்டும் கணீரென்று வாசித்தார். மற்றது எங்கே என்று கேட்டால், அங்குட்டு ஒன்றுமில்லை என்றார். பலகையின் இடது ஓரத்தில் விரலை வைத்து, இங்கிருந்து வாசியுங்கள் என்றதும் முழு வரியையும் வாசித்துவிட்டார். ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் உடனே தலையை ஸ்கேன் எடுக்க அனுப்பினார். மூளையின் வலது பக்கம் ரத்தக்குழாயில் அடைப்பு; நம் இடது பக்கத்தைக் கவனிப்பது அந்தப் பகுதிதான். கல்யாண அலைச்சலில் அவருக்கு இடது கை கொஞ்சம் மரத்துப்போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கண் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. மூளைதான் இடது பக்கத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே அவருக்கு இருட்டாகவும் தெரியாது, வெறுமையாகவும் தெரியாது. பார்த்தவரைக்கும் முழுசு என்றே நம்புவார். இல்லாத குறையே தெரியாமல் உலகத்தை ஒட்டிக் கொடுக்கும் மூளையின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பிரமிப்புதான். டாக்டர் இதை விளக்கியதும் மகள் அழுதுவிட்டாள்.

"எங்க மாமியா அவுக கையாலயே வச்சாகக்கா. இடது ஓரத்துல வச்சது அப்பாவுக்குத் தெரியவே இல்லையா?"

மறுபடியும் பந்தி

மருந்தோடு பயிற்சியும் நடந்தது. எதைப் பார்த்தாலும் முதலில் இடது ஓரத்தைத் தேடிப் பிடிக்கப் பழக்கினார்கள். மெல்ல மெல்ல மூளை அந்தப் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. அடிபட்ட மூளை தன்னைத் தானே திருத்திக்கொள்வதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது பெரிய கொடுப்பினை. ஆனால் சம்பந்தி வீட்டுக்குப் போக மட்டும் அவருக்குக் கால் வரவில்லை. எந்த முகத்தோடு போவேன் என்று என்னிடமே புலம்பினார்.

விஷயம் கேள்விப்பட்டு மகளின் மாமியாரே நேரில் வந்து அழைத்தாராம். விருந்தில் நடந்ததை, மகள் புகுந்த வீட்டிலிருந்து போனில் சொன்னாள். அப்பா இலையின் இடது நுனியில் விரல் வைத்து, ஓரமாகத் தடவிக்கொண்டே வந்திருக்கிறார். இனிப்பில் விரல் பட்டதும் அதைத்தான் முதலில் எடுத்துச் சாப்பிட்டாராம். பிறகு மாமியாரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாராம்:

"நான் பேசுனதை மனசுல வச்சுக்கிறாதீக. இன்னொண்ணு வையிங்க."

இத்தனைக்கும் எங்கள் அறை வாசலில் 'கண் பரிசோதனை' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது.