"வீக்கமே இல்லையே, சிஸ்டர்"

தெய்வானை சிஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி, செவ்வாய்க்கிழமை காலை நான் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. மாரடைப்பாம். கோவிலூரில் தம்பி வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தாராம். கொரோனா வார்டில் அவரோடு கவச உடைக்குள் வெந்தவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். துக்கத்தைவிட எரிச்சல்தான் எனக்கு அதிகம். அதில் பாதி என் மேல்.

இரண்டாம் அலையின்போது எங்கள் மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்தது. நுரையீரல் அழற்சியைத் தணிக்கும் ஒரு மருந்து உள்நோயாளிகளுக்கு உண்மையிலேயே உதவுகிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு இதுவும் சேரும். ஆய்வுக்கு நான் பொறுப்பு. குடும்பத்தாரிடம் விளக்கிச் சம்மதம் வாங்குவது சிஸ்டர்.

படிவத்தை எங்கேயோ யாரோ மொழிபெயர்த்திருந்தார்கள். ஆங்கில 'இன்ஃப்ளமேஷன்' வீக்கமாகி, 'வீக்கத்தைக் குறைக்கும் மருந்து' என்று அச்சாகியிருந்தது. கீழச்சிவல்பட்டிக்காரர் ஒருவர், ஆக்ஸிஜனில் கிடந்த தன் தாயாரை வீடியோவில் காட்டச் சொன்னார். போர்வையை விலக்கச் சொல்லிக் காலை உற்றுப் பார்த்தார். "ஆத்தாவுக்கு வீக்கமே இல்லையே, சிஸ்டர். இருக்கவுகளுக்குக் குடுங்க" என்று பெருந்தன்மையாக மறுத்துவிட்டார். அவரைக் கேட்டு அடுத்தவர், அவரைக் கேட்டு அதற்கடுத்தவர். ஒரு வாரம் முழுக்கக் கால்களைத்தான் காட்டிக்கொண்டிருந்தோம்.

"நெஞ்சுக்குள்ள காந்துது, அந்தக் காந்தலைத் தணிக்கிற மருந்துன்னு போட்டா எல்லாருக்கும் விளங்கும் டாக்டர்" என்றார் சிஸ்டர். அச்சிட்டதை மட்டும் வாசியுங்கள், சொல்லை மாற்ற நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். விதி அதுதான். ஆனால் குழுவுக்கு அன்றே எழுதினேனா? ஒரு சொல்தானே என்று பத்து நாள் தள்ளிப்போட்டேன். "விளங்காமப் போடுற கையெழுத்தும் வேணாம், விளங்காமச் சொல்ற மறுப்பும் வேணாம். என்னத்த டாக்டருக்குப் படிச்சீக?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

பிறகுதான் எழுதினேன். குழு சும்மா இருக்குமா? 'காந்தல்' பேச்சுவழக்கு, 'அழற்சி' என்று போடலாமே என்று திருப்பி அனுப்பியது. "அதுக்கு வீக்கமே தேவலை" என்றார் சிஸ்டர். மறுபடி எழுதி, மறுபடி காத்திருந்து, 'காந்தல்' என்று திருத்திய படிவம் வந்து சேர்ந்தபோது அலை ஓய்ந்து வார்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் முழுதும் வாசித்தார். "நல்லாத்தான் இருக்கு. இனி யாருக்கு வாசிச்சுக் காட்ட?" என்றார். போதிய ஆள் சேராமல் ஆய்வை மூடிவிட்டார்கள்.

அந்தக் கீழச்சிவல்பட்டி அம்மாள் பிழைக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து, இறப்புச் சான்றுக்காக மகன் வந்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். "அந்த வீக்க மருந்தப் போட்டிருந்தா ஆத்தா பொழச்சிருக்குமா, சிஸ்டர்?" என்று கேட்டார்.

சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியலண்ணே. அது தெரியத்தான் உங்கள்ட்டக் கேட்டோம்."

சிஸ்டரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பதிலைத்தான். என்னுடைய பத்து நாளைப் பற்றி அந்த மகனிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.