தலைகீழாய் நின்ற யானை

சத்தியநேசனைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் பயமே கோபித்துக்கொள்ளும். ஒருமுறை தன் நிழலைக் கண்டு அவர் ஓட, அவரைக் கண்டு நிழல் ஓட, இரண்டும் பக்கத்து ஊர் தேவதானம் போய்த்தான் மூச்சு வாங்கின. ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் அவர் ஃபிட்டர். மனைவி போனபின் வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். பயமில்லாமல் அவர் உட்காரும் ஒரே இடம் மில்லின் செஸ் அறை.

அதற்கும் ஆபத்து வந்தது. "இந்த வருஷமும் செஸ் போட்டிக் கோப்பை வரலைன்னா அது கழிவுப்பஞ்சு போடுற ரூம்தான்" என்றுவிட்டார் மேனேஜர்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த இறுதிப் போட்டியில் மில் அணியும் ஸ்ரீவில்லிபுத்தூர் அணியும் சமமாக நிற்க, மிச்சமிருந்தது சத்தியநேசனின் ஆட்டம் மட்டும். டிரா ஆனால், போன வருஷம் ஜெயித்த ஸ்ரீவில்லிபுத்தூருக்கே கோப்பை. எதிரே கல்லூரி பஸ் ஓட்டும் லிங்கேஸ்வரன்.

மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவு ஆவுடையம்மாள் முதல் நாளே சொல்லியிருந்தாள்: "அண்ணே, எப்பவும்போல பதுங்குனா டிராதான். எடுத்த எடுப்புல ராஜாவுக்குக் காவல் நிக்குத சிப்பாயைத் தூக்கிக் குடுத்துருங்க. அவரு அதைத் திங்குத நேரத்துல நீங்க பாயுங்க."

"கதவைத் திறந்து போட்டுத் தூங்கச் சொல்லுத."

"யாரு தூங்கச் சொன்னா? ஓடச் சொல்லுதேன்!"

ஆட்டத்தில் சத்தியநேசன் அப்படியே கொடுத்தார். லிங்கேஸ்வரன் சிப்பாயைத் தின்றுவிட்டு ராணியை இறக்கிச் செக் வைத்தார். சத்தியநேசனின் ராஜா அப்போதே வெட்டவெளிக்கு வந்துவிட்டார். மேசைக்கு அடியில் முழங்கால் அடித்த தாளத்தில் காய்கள் குதித்தன.

"என்ன அண்ணாச்சி, குளிருதா? ஃபேனை அமத்தச் சொல்லவா?"

சத்தியநேசன் குதிரையை விட்டு ராணியை விரட்டினார். எதிர் ராஜாவும் வெளியே வந்தார். அடுத்த மூச்சில் சத்தியநேசனின் குதிரை போனது. அதற்கடுத்து லிங்கேஸ்வரனின் யானை. இவர் கை ஓங்க, அவர் கை ஓங்க, பலகை காலியானது. ஒவ்வொரு காய் விழும்போதும் செஸ் அறைக்குள் பஞ்சு மூட்டை ஒன்று இறங்குவதுபோல் அவருக்குப் பட்டது.

"டிராவா வச்சுக்கிடுவோமே?" லிங்கேஸ்வரன் கையை நீட்டினார்.

நீட்டிய கையை மறுத்தறியாதவர் சத்தியநேசன். இரண்டு கையையும் தொடைக்கடியில் போட்டு அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

மிச்சம் இரண்டு ராஜாக்களும் அவருடைய ஒரே சிப்பாயும். அதைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளினார். அங்கே போன சிப்பாய் வேறு காயாகும்; வழக்கமாக ராணி. மில் அறையில் உபரி ராணி இல்லாததால் வெட்டுப்பட்ட யானையைக் கவிழ்த்து வைத்து ராணி என்பார்கள். வெட்டுப்பட்ட ராணி பக்கத்திலேயே கிடந்தும், பழகிய கை அதையே செய்தது.

நடுவர் மாதுரி குனிந்து பார்த்தாள். "சார், கவுத்து வச்சாலும் யானை யானைதான். ரூல் அப்படி."

சத்தியநேசன் கவிழ்ந்த யானையையே பார்த்தார். ராணி போச்சு. அறை போச்சு.

ஆனால் லிங்கேஸ்வரன் தலையில் கை வைத்தார். "அடப்பாவி! ராணி வச்சிருந்தா செக்கும் இல்லாம, என் ராஜாவுக்கு நகர இடமும் இல்லாம டிரா ஆயிருக்குமே! தெரிஞ்சேதானே செஞ்சீய?"

யானை விட்டுவைத்த ஒரே கட்டத்துக்கு எதிர் ராஜா நகர்ந்தார். சத்தியநேசன் யானையை மூலைக்குத் தள்ளினார். ராஜா மாட்டினார்; கோப்பை மில்லுக்கு.

மறுநாள் செஸ் அறையில் ஆவுடையம்மாள் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "அண்ணே, உபரி ராணி வாங்கியாந்துட்டேன்."

சத்தியநேசன் ஓரடி பின்வாங்கினார். "உள்ள வை தாயி. அதைப் பார்த்தாலே பயமா வருது."