டிகிரி கேட்டது பரீட்சை அல்ல

மேசை

புது ட்ரெயினிக்கு ஒரு மேசை ஒழுங்கு பண்ணச் சொல்லி ஒபிஸ் முதலாளி சேர் சொன்னபோது, அது உங்கள் அக்காவுக்குத்தான் என்று நினைத்தேன். ஃபேன் காற்று நேராகப் படாத மேசையாகப் பார்த்துத் துடைத்தேன். காற்றுப் பட்டால் வவுச்சர்கள் பறக்கும். திங்கட்கிழமை அந்தக் கதிரையில் வந்து உட்கார்ந்தது வேறொரு பையன்.

தம்பி, சின்னவள், உங்கள் இரண்டு பேருக்கும்தான் அப்பா இதை எழுதுகிறேன். ஒருவன் பள்ளிக்கூடத்தை முடிக்கும் ஏ.எல். எழுதப் போகிறான், மற்றவள் அதற்கு முந்தின ஓ.எல். அக்கா விஷயத்தில் வீட்டில் கேட்ட சத்தம் மட்டும் உங்களுக்குத் தெரியும். என்ன நடந்தது என்று ஒழுங்காகத் தெரிய வேண்டும்.

நான் வேலை செய்வது கண்டி டவுனில் ஒரு ஓடிட் ஒபிஸில். கம்பெனிகளின் கணக்கைச் சரிபார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது சேர். வவுச்சருக்கு டிக் போடுவதும், தேயிலை ஃபெக்டரிக்குப் போய் ஸ்டொக் எண்ணுவதும் எங்கள் வேலை. நான் படித்தது ஓ.எல். வரைக்கும்தான். என்னால் டிக் போடத்தான் முடியும். அந்தக் கையெழுத்தைப் போட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அதற்கு லெவல் லெவலாக ஓடிட்டர் பரீட்சையும் பாஸாக வேண்டும், ஓர் ஓடிட்டரிடம் ட்ரெயினியாகவும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் லைசென்ஸ் கிடையாது.

ஏ.எல். ரிசல்ட் வந்த அன்றே சேர் சொன்னார்: "மூணு பாடமும் பாஸா? கெட்டிக்காரி! முதல் லெவல முடிச்சிட்டு வரச் சொல்லுங்க செல்வராஜ். நம்ம ஒபிஸ்லயே போட்டுருவோம்."

அக்கா முதல் லெவலை முடித்தாள். மேசைக்கு ஆள் வந்துவிட்டது.

சேரிடம் கேட்டது

அன்றைக்கே கண்ணாடி அறைக்குள் போய்க் கேட்டேன். சேர் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மகளுக்கு டிகிரி இல்லையே செல்வராஜ். இப்பெல்லாம் டிகிரி இல்லாம இந்தப் பரீட்சை எழுத ஏலாது."

"அவ எழுதி, முதல் லெவல் பாஸும் ஆயிட்டா சேர்."

"அது முதல் லெவல். மேல போகப் போகக் கேப்பாங்க."

"இந்தத் தம்பிக்கு டிகிரி இருக்கா?"

கதவு திறந்துதான் இருந்தது. பையன் வெளியிலிருந்தே பதில் சொன்னான்: "இல்ல அங்கிள், ஏ.எல். மட்டுந்தான்." பாவம், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டதற்குச் சொன்னான்.

சேருக்கு முகம் மாறியது. "அவன் படிச்ச ஸ்கூல் என்னன்னு தெரியுமா? இங்கிலீஷ் சரளமா வருது. க்ளையன்ட் முன்னால நிப்பாட்டலாம். அத விடுங்க, பொம்பளப் புள்ளய எஸ்டேட்டுக்கு ஸ்டொக் எண்ண அனுப்ப முடியுமா? ஏதாச்சும் ஒண்ணு நடந்தா யார் பதில் சொல்றது?"

"நாங்க எஸ்டேட்லதான் சேர் குடியிருக்கோம்."

சேர் சிரித்தார். "அது வேற செல்வராஜ்" என்றார். என்ன வேறு என்று இன்றுவரைக்கும் சொல்லவில்லை. நான் பிறந்ததும் ஹந்தானை எஸ்டேட், உங்கள் அக்கா பிறந்ததும் ஹந்தானை. தேயிலைக்குள் வளர்ந்த பிள்ளை தேயிலை மூட்டையை எண்ணப் போகக் கூடாதாம்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தது

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா அழவில்லை. ஃபோனை எடுத்து, தான் எழுதிய உள்நாட்டுப் பரீட்சையின் விதியையும், வெளிநாட்டுக்காரர் இங்கே வைக்கும் பரீட்சையின் விதியையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். நீங்கள் சேரும் நேரம் மாறியிருக்கலாம், அப்போது நீங்களே வாசியுங்கள்.

உள்நாட்டுப் பரீட்சைக்கு ஏ.எல். மூன்று பாடமும் ஒரே தடவையில் பாஸாகியிருக்க வேண்டும். கொமர்ஸ் படித்தவர்கள் மட்டும் என்று இல்லை, ஆர்ட்ஸ் படித்தவர்களும் எழுதலாம். ஒரு தடவை இரண்டு, அடுத்த தடவை ஒன்று என்று கூட்டி மூன்றாக்கினால் செல்லாது. தம்பி, இதைக் கவனி. வெளிநாட்டுப் பரீட்சையில் ஓ.எல்.லோடு அடியிலிருந்தே தொடங்கலாம், ஆனால் எல்லாம் இங்கிலீஷில். டிகிரி இருந்தால் இரண்டிலும் சில பேப்பர்களை விட்டுவிடுவார்கள். டிகிரியால் பாதை குறுகும், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் உள்ளே வராதே என்று எந்தப் பரீட்சையும் சொல்லவில்லை.

"எங்கயாச்சும் டிகிரி கட்டாயம்னு இருக்காப்பா?" என்று கேட்டாள்.

"அந்த மனுசன் அவரு தலையில எழுதி வச்சிருக்காரு. மொட்டைல நல்லா எடம் இருக்குதானே" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒரு யோசனை சொன்னேன். பல்லேகலயில் ஒரு ஃபெக்டரியில் எக்கவுன்ட்ஸ் வேலை இருந்தது. வெளிநாட்டுப் பரீட்சைக்கு மாறினால் அந்த அனுபவத்தையே கணக்கில் எடுப்பார்கள். ஓடிட்டரின் தயவு தேவையில்லை. ஆனால் அது மட்டும் இருந்தால் இங்கே ஓடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது.

"கணக்கு எழுதுறதுக்கா இவ்வளவும் படிச்சேன்? நான் கையெழுத்துப் போடணும்பா" என்றாள்.

அக்குறணை

அவளே தேடினாள். எத்தனையோ ஒபிஸ் படி ஏறினோம். ஓரிடத்தில் டிகிரி கேட்டார்கள், இன்னோரிடத்தில் கேட்காமலே கதவைக் காட்டினார்கள். கடைசியில் அக்குறணையில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, ஒரு முஸ்லிம் ஓடிட்டரின் சின்ன ஒபிஸ். அவருக்கு ட்ரெயினி எடுக்க அனுமதி இருந்தது. ரிசல்ட் ஷீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"டிகிரி ஈக்கா மகள்?"

"இல்ல சேர்."

"எனக்கிட்டயும் இல்ல. பரீட்ச எழுதித்தான் இந்தக் கதிரைக்கு வந்த. எப்ப வர ஏலும்?"

"நாளைக்கே வர்றேன் சேர்" என்றாள் அக்கா. நான்தான் ஸ்டொக் எண்ணும் விஷயத்தைக் கேட்டேன்.

"ரெண்டு ரெண்டு பேராத்தான் அனுப்புவேன். வேன் வரும். இருட்ட முந்திக் கூட்டிட்டு வராட்டி நீங்க என்ட பல்ல எண்ணிடுவீங்களே!"

அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒரு வேன், ஒரு துணை. அதைச் செய்ய மனமில்லாதவர்கள்தான் அந்தச் சாக்குக்கு டிகிரி என்று பெயர் வைத்தார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, இன்னும் ஏன் கோபம் என்று அம்மா கேட்கிறாள். நம் பிள்ளைக்குத்தான் முடிந்தது. ஹந்தானைப் பக்கத்தில் யாருக்கு எந்த விதி தெரிய வேண்டுமென்றாலும், ஒபிஸில் வேலை செய்கிற ஆளைத்தான் வந்து கேட்பார்கள். நமது லைன் வீடுகளில் அந்த ஆள் நான். எனக்கு விதி சொல்பவர் சேர், அவர் சொன்னதைத்தான் இவ்வளவு காலமும் நான் அவர்களுக்குச் சொன்னேன். இப்படியே அவர் வாயில் வந்தது மலை முழுக்க விதியாகிவிட்டது. எத்தனை பெண் பிள்ளைகள் அதைக் கேட்டு வேறு வேலைக்குப் போனார்களோ!

ஆகையால் பிள்ளைகளே, ஒருவர் தகுதி இல்லை என்று சொன்னால், அது பரீட்சையின் விதியா, அவருடைய விதியா என்று முதலில் கேளுங்கள். பிறகு பயப்படலாம்.

போன கிழமை ஒரு பெண் பிள்ளை ட்ரெயினி வேலை கேட்டு ஒபிஸுக்கு வந்தாள். சேர் எழும்பி வரவில்லை. "டிகிரி இருக்கான்னு கேளுங்க செல்வராஜ், இல்லாட்டி அனுப்பிருங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

அவருக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன்: "பரீட்சைக்கு டிகிரி தேவையில்ல மகள். ஏ.எல். போதும். டிகிரி கேக்குறது சேர்தான். ஏன்னு நீங்களே உள்ள போய்க் கேளுங்க."

ஒபிஸ் முழுக்க டிக் போடுவதை நிறுத்திவிட்டது. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள், கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். பிறகு போய்த் தட்டினாள்.