வெயில் படாத இடத்தில் காட்டுக் காசித்தும்பை

1. ரோஜாவுக்கு வந்த வேலை

தோட்டப் பராமரிப்பில் எனக்குக் கிடைத்த முதல் கொன்ட்ராக்ட் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி. அதன் பின்பக்கம், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு துண்டு நிலம். நண்பகலிலும் அங்கே வெயில் இறங்காது. தொடர்மாடிக் கமிட்டித் தலைவர் சிவநேசன், ஓய்வுபெற்ற வங்கி மனேஜர், அங்கே ரோஜா கேட்டார்.

"வெயில் இல்லாமல் ரோஜா வராது, ஐயா."

"உரத்தைக் கூடப் போடும், பிள்ளை. வரும்."

போட்டேன். இரண்டு தடவை வைத்தும் கருகிப் போனது. "அப்ப சீமெந்து போடுவம். மோட்டர் சைக்கிள் விடலாம்" என்றார். என் வேலையும் அதோடு முடிந்துவிடும்.

கீழ்த்தளத்தில் ரஹீமா ஆன்ட்டி இருந்தார். முழங்கால் வலியால் வெளியே வருவதில்லை. அவருடைய ஒரே ஜன்னல் அந்தத் துண்டைப் பார்த்தபடி இருந்தது.

"சீமெந்து போட்டா எனக்குப் பாக்க என்ன மகள் ஈக்கி? சைலன்சரா?"

2. பெயரில் வந்த மரியாதை

நம் மழைக்காட்டு ஓடைக்கரைகளில், நிழலிலேயே பூக்கும் காட்டுக் காசித்தும்பை நினைவுக்கு வந்தது. காட்டில் பிடுங்கக் கூடாது. அவிசாவளைப் பக்கம் ஒரு நர்சரியில் தண்டு நட்டு வளர்த்த கன்றுகள் இருந்தன. தலைவரிடம் சொன்னேன்.

"காட்டுச் செடியோ? ஆக்கள் சிரிப்பினம்."

"இங்கிலீசில இம்பேஷன்ஸ் எண்டும் சொல்லுவினம், ஐயா."

"அதை முதலிலயே சொல்லியிருக்கலாமே. வையும்."

உரத்தை நிறுத்தினேன். மக்கிய இலை கலந்து, தண்ணீர் தேங்காமல் மண்ணை உயர்த்தி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். மழைக்காலம் முடியுமுன் இளஞ்சிவப்பாகப் பூத்தது. ரஹீமா ஆன்ட்டி ஜன்னல் வழியே கைநீட்டி முற்றிய காய் ஒன்றைத் தொட, அது வெடித்து விதை முகத்தில் தெறித்தது. "அல்லாஹ், இது எனக்கு ஏசுது!" என்று சிரித்தார். பிறகு எந்தக் காய் முற்றுகிறது என்று பார்ப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது.

சீமெந்துப் பேச்சு அடங்கியது. தலைவர் வருகிறவர்களுக்கெல்லாம் "இம்போர்ட்டட்" என்று பூவைக் காட்டினார். ஒருநாள் தெஹிவளைத் தொடர்மாடி ஒன்றின் செயலாளர் அம்மா வந்தார். தாவரவியல் படிப்பித்தவராம்.

"இது எங்கட காட்டுச் செடியல்லோ!"

தலைவர் ஒரு கணமும் தடுமாறவில்லை. "ஓம், வெளிநாட்டுச் செடி வேண்டாம் எண்டு கமிட்டியில முடிவெடுத்தனாங்கள்" என்றவர், குழாயோடு நின்ற என்னைக் காட்டினார். "இந்தப் பிள்ளைக்கு நான்தான் எல்லாம் பழக்கினது."

அந்த அம்மா எனக்குத் தெஹிவளை வேலையைத் தந்தார். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: செடிக்கு நிழலும் ஈரமும் போதும். கமிட்டிக்குப் பெருமையும் வேண்டும். அதையும் வேரில் ஊற்றுங்கள்.