கோடையில் இறுகிய கதவு

இதை நான் எழுதலாமா என்று ஒரு மாதமாக யோசித்தேன். நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு மற்றவர்கள் எழுதித் தருவதை அழகாகப் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறேனே தவிர, இதுவரை என் சொந்த வரி ஒன்றுகூட அதில் வந்ததில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் என் குரல் எழும்பாது என்பதும் உங்களுக்குத் தெரியும். பேச்சி மதினியோடு இருபது வருடம் ஒரே நிரையில் நின்று தேயிலைக் கொழுந்து கிள்ளியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களை முந்திக்கொண்டு நான் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இதில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

செய்தி எனக்குப் பீர்மேட்டில் வந்தது. கோட்டயத்தில் ஒரு வேலைக்கு நேர்காணல் முடித்துவிட்டு, அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். விடாத மழை. பீர்மேட்டில் பஸ் நின்றது. கீழே இறங்கிப் போய் விசாரித்துவிட்டு வந்த கண்டக்டர், "இனி போகில்லா. மேலெ உருள் பொட்டி" என்றார். மலை சரிந்துவிட்டதாம். எங்கே என்று யாரோ கேட்டார்கள். நம் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். "லயத்தின்றெ மேலெயா வீணது. ஒரு ஸ்த்ரீ போயி." வீடுகளின்மேல் விழுந்து ஒரு பெண் இறந்துவிட்டாளாம். நானூறு பெண்கள் வேலை செய்யும் தோட்டம் நம்முடையது. பெயர் சொல்வதற்கு முன்பே அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் மேலே நடக்கத் தொடங்கினேன்.

நாலாம் லயத்து வீட்டு வரிசையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு மதினியுடையது. இடையில் ஒரு சுவர்தான். அவர் கணவர் சுடலை அண்ணனுக்கு பாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. பிள்ளைகள் இல்லை. நான் மதுரையில் படித்துப் பட்டம் வாங்கி வந்தபோது லயமே பார்க்க வந்தது. ஆறு மாதமாகியும் வேலை கிடைக்காமல் போகவே நான் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டேன். அப்படி உட்கார்ந்திருந்தவளை ஒரு மார்கழிக் காலையில் மதினிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குப் போகிற வழியில், பாக்டரியின் பின்சுவரில் ஓரிடம் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே கொழுந்து காயவைக்கும் யந்திரம் அந்த இடத்தில் இருக்கிறது.

"சாஞ்சுக்க, ஏட்டி பி.ஏ.! ஒம் புஸ்தகத்துல இந்தச் சூடு எத்தனையாம் பக்கத்துல இருக்கு?"

முதுகை ஒட்டி நின்றேன். கம்பளியைத் தாண்டி எலும்புக்குள் அந்தச் சூடு இறங்கியது. மதினி கண்ணை மூடிக்கொண்டு, "இது தொரைக்கு இல்ல. இது நமக்கு" என்றார்.

கங்காணி தூரத்திலிருந்து கத்தினார். "என்ன பேச்சி, செவுரு விழுந்துரும்னு தாங்கிட்டு நிக்கியா?"

"ஆமா அண்ணாச்சி. நான் விட்டா விழுந்துரும். பெறவு ஒங்க சோலியும் போயிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். இன்று அந்தப் பேச்சை என்னால் சிரித்துக்கொண்டு நினைக்க முடியவில்லை.

"இது நமக்கு" என்பதை அவர் வாயில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். இருக்கிற வீடு தோட்டத்துடையது, எரிக்கிற விறகு தோட்டத்துடையது, விரல் நுனியில் ஒட்டுகிற கறைகூடத் தோட்டத்துடையது. அதற்கு நடுவில் நாளுக்கு ஒன்றாவது தன்னுடையது என்று எடுத்து வைத்துக்கொள்வார். சித்திரையில் சில்வர் ஓக் மரங்கள் ஆரஞ்சு நிறத்தில் பூத்து, அதிலிருந்து தேன் சொட்டித் தலைமுண்டில் பிசுபிசுக்கும். மற்றவர்கள் திட்டுவார்கள், மதினி விரலில் தொட்டு நக்கிப் பார்ப்பார். புரட்டாசியில் ஒரு மணி நேரம் வெயில் வந்தால் நனைந்த கம்பளிகளைச் செடிமேல் விரித்துவிட்டு, அவற்றிலிருந்து ஆவி எழும்புவதைக் கொழுந்து கிள்ளுவதை நிறுத்திப் பார்ப்பார். மாடு மேய்ந்து மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது என்பார்.

எல்லாவற்றிலும் அவருக்குப் பெரியது மழை வரும் சத்தம். இடவப்பாதிப் பருவமழை தொடங்கும் நாளில் மழை நம்மேல் திடீரென்று விழுவதில்லை. பள்ளத்தாக்குக்கு அந்தப்புறத்துக் காட்டில் முதலில் கேட்கும். பிறகு சில்வர் ஓக் மரங்களில், பிறகு பாக்டரித் தகரத்தில், கடைசியாக நம் கூரையில். மதினி அன்று கருப்பட்டிக் காப்பி வைத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்காருவார். பாக்டரித் தகரத்துக்கும் நம் கூரைக்கும் நடுவில் ஒரு வாய் காப்பி குடித்துவிட வேண்டும். குடித்துவிட்டால் அந்த வருடம் நல்ல வருடம். இந்தச் சாங்கியம் தோட்டத்தில் வேறு யாருக்கும் கிடையாது, அவரே உண்டாக்கிக்கொண்டது.

அவர் வீட்டுக் கதவுக்கும் ஒரு பருவம் உண்டு. பலகைக் கதவு. மழையில் ஊறிப் பருத்துவிடும், தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். தையில் காயத் தொடங்கும். மாசிக் கடைசியில் ஒரு விரலால் சாத்தலாம். அன்று மதினி காரணமில்லாமல் கதவைத் திறந்து திறந்து மூடுவார். "கதவு இளகிருச்சு, ஏட்டி! கோட வந்துட்டு!" என்று சுவருக்கு அந்தப்புறத்திலிருந்து குரல் வரும். லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவை வெட்டிய மண் திட்டு இருக்கிறதே, அதிலிருந்து கசியும் நீரும் அந்த நாட்களில்தான் நிற்கும். அது நின்ற பிறகுதான் பாயும் சாக்கும் திட்டில் காயும்.

இந்த வருடம் தை முடிந்தும் கசிவு நிற்கவில்லை. மதினி முதலில் அதையும் கொண்டாடினார். பாத்திரம் கழுவக் குழாயடிக்குப் போக வேண்டியதில்லை என்றார். மாசியில் ஒரு நாள் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். திட்டின் மேலே நின்ற கொய்யா மரத்தில் கை நீட்டி ஒரு பழத்தைப் பறித்துக் காட்டினார்.

"போன வருசம் தொரட்டி கட்டிப் பறிச்சேன். இந்த வருசம் கைக்கே வருது. மரம் குனிஞ்சு குடுக்குது பாரு."

பாதியைக் கடித்துவிட்டு மீதியை என் கையில் தந்தார். மென்றுகொண்டே மரத்தைப் பார்த்தார். பிறகு அதன் அடியைப் பார்த்தார். மெல்லுவது நின்றது.

"மரம் ஏன்டி குனியுது?"

"காய்ப் பாரம், மதினி."

"நாலு காய்க்கா?"

என் கையிலிருந்த பாதியை நான் தின்றேனா, கீழே போட்டேனா என்று நினைவில்லை.

பங்குனியில் கதவு இறுகியது. நல்ல வெயில், மண் வெடித்துக் கிடக்கிறது, மதினி தோளால் மோதிக்கொண்டிருந்தார். மேல்மூலையில் விரல் நுழையும் இடைவெளி. கீழே நிலையில் மரம் உரசித் தூள் உதிர்ந்திருந்தது. அந்தத் தூளைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மழையில இறுகுத கதவு வெயில்ல இறுகுதுன்னா, தப்பு கதவுமேல இல்ல."

லயத்தில் சொன்னபோது கேலி செய்தார்கள். "கதவு சாத்த வலு இல்ல, மலைமேல பழி போடுதா" என்று ஒருத்தி சொன்னதற்கு மதினியே சிரித்தார். அன்றிலிருந்து "இது நமக்கு" என்பது அவர் வாயில் குறைந்துவிட்டது. காலையில் எழுந்ததும் திட்டைப் பார்ப்பார். கசிவில் கை நனைத்து நிறம் பார்ப்பார். ஒரு நாள் அந்தக் கையை என்னிடம் நீட்டினார். செம்மண் நிறமாக இருந்தது.

"ஆபீசுக்கு ஒரு காயிதம் எழுதித் தா, ஏட்டி."

எழுத உட்கார்ந்தேன். "நாலாம் லயத்தின் பின்புறம் கோடையிலும் தண்ணீர்" என்று எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

"தண்ணின்னு எழுதாத. கொழாய் கேக்கோம்னு நெனப்பாக. வெள்ளம்னு எழுது. அப்பத்தான் பயப்படுவாக."

எனக்கும் அது சரியாகப் பட்டது. அடித்துவிட்டு, "நாலாம் லயத்தின் பின்புறம் கோடையிலும் வெள்ளம் வருகிறது. தயவுசெய்து கவனிக்க வேண்டும்" என்று எழுதினேன். மதினி கைநாட்டு வைத்தார். ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டு எழுதும் தற்காலிக வேலையில் நான் அப்போது இருந்ததால், ஆபீசுக்குப் போகிறவளும் நானே ஆனேன்.

ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் மலையாளி ரைட்டர் மட்டும் இருந்தார். நல்ல மனிதர், என்னை உட்காரச் சொன்னார். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டே வந்தவர், முகம் மலர்ந்து நிமிர்ந்தார்.

"வெள்ளம் வருந்நுண்டோ? நன்னாயி! கழிஞ்ஞ மாசமல்லே வெள்ளமில்லான்னு பராதி தந்தது?"

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். லயங்களுக்குத் தண்ணீர் இல்லை என்று முந்தின மாதம் நாம் எல்லாரும் சேர்ந்து கொடுத்த மனு அவர் மேசையில் இருந்தது. அதன் ஓரத்தில் தண்ணீர் வந்துவிட்டதாகக் குறித்து, இரண்டு காகிதத்தையும் சேர்த்துக் குத்தி வைத்தார். சந்தோஷமாக என்னைப் பார்த்தார்.

இந்த மலையில் பிறந்தவள் நான். இரண்டு வெள்ளமும் எனக்குத் தெரியும். "இல்லை சார்" என்ற இரண்டு சொல் தொண்டை வரை வந்தது. எனக்குப் பின்னால் வேறு யாரோ உள்ளே வந்தார்கள். நான் எழுந்து, "சரி சார்" என்றேன்.

மதினி கொழுந்துக் கூடையோடு பாதையில் காத்திருந்தார்.

"என்னட்டி சொன்னாக?"

"பாக்கோம்னாக, மதினி."

அவர் முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. "பாத்தாச் சரிதான்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு மாதம், தினமும் இரண்டு வேளை, ஆபீசைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போய்வந்தேன். படியேறவில்லை.

மழை தொடங்கிய நாள் காலையில் நடந்ததை என் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். கசிவு கட்டியாக, சேறாக வந்ததைக் கண்டு மதினி லயத்தையே விரட்டியிருக்கிறார். திட்டிக்கொண்டே எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கொழுந்துக் கொட்டகைக்குப் போனார்கள். அம்மாவும் வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார்.

"நீயும் வா தாயி."

"அந்தக் காட்டுல மழ வந்துட்டு, அத்த. ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு வாரேன்."

"இப்பப் போயி காப்பியா?"

"ஆபீசுல பாக்கோம்னு சொல்லியிருக்காக. ஒரு காப்பி நேரத்துல மல எங்க போயிரப் போவுது?"

அம்மா பாக்டரியைத் தாண்டும்போது தகரத்தில் மழை விழுந்ததாம். கொட்டகை ஏறியபோது பின்னால் சத்தம் கேட்டதாம். அந்த ஒரு வாயை மதினி குடித்தாரா என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் சுடலை அண்ணன் மண்ணிலிருந்து எடுத்து வந்த கதவு மட்டும் உடையாமல் இருந்தது.

ரைட்டர் மீது எனக்குக் குறையில்லை. அடக்கத்தன்று அவர் அழுததைப் பார்த்தேன். அந்தக் காகிதம் என்ன சொன்னது என்று அவருக்கு இன்னும் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார். சுடலை அண்ணனிடம் நேரில் சொல்லிவிட்டேன். என் தலையில் கையை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார்.

மதினியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது பார்க்கிற பழக்கம்தான். சந்தோஷத்துக்காகத் தொடங்கிய பழக்கம். பாக்டரிச் சுவரில் இப்போதும் சாய்கிறேன். அந்தச் சூடு இருக்கிறது. "இது நமக்கு" என்று சொல்லிப் பார்க்கிறேன், வாய் வரைக்கும் வருகிறது.

நாங்கள் இப்போது ஐந்தாம் லயத்தில் இருக்கிறோம். அதே திட்டின் தொடர்ச்சி எங்கள் பின்னாலும் போகிறது. இந்தப் புரட்டாசியில் பத்து நாள் நல்ல வெயில் அடித்தது. கம்பளிகள் ஆவி விட்டுக் காய்ந்தன. பத்தாம் நாள் காலையில் எங்கள் கதவை அம்மா தோளால் தள்ளிக்கொண்டிருந்தார். மேல்மூலையில் விரலை வைத்துப் பார்த்தேன். நுழைந்தது. நீங்களும் உங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள். ஐப்பசி மழைக்கு இன்னும் அதிக நாள் இல்லை.

இவ்வளவு நேரம் கேட்காமல் வைத்திருந்ததை இப்போது கேட்கிறேன். திங்கட்கிழமை பெரட்டு முடிந்ததும் ஆபீசுக்குப் போகிறேன். இந்தத் தடவை காகிதம் கிடையாது, வாயால் சொல்லப்போகிறேன். தமிழிலும் சொல்வேன், மலையாளத்திலும் சொல்வேன். ஐந்தாம் லயத்தில் இருக்கிற எல்லாரும் வாருங்கள். நீங்கள் யாரும் பேச வேண்டாம். எனக்குப் பின்னால் படியை அடைத்து நில்லுங்கள். நான் "சரி சார்" என்று திரும்பினால், வழி விடாதீர்கள்.