பெர்னார்டின் புறங்கை

வாசலில் பூட்ஸைக் கழற்றியதும் பெர்னார்டு கிரவுதர் வீட்டுக்காரரிடம் சுகம் விசாரிப்பதில்லை; அறையைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டர்களிடம்தான் விசாரிப்பார். அறை அறையாகப் போய், பிள்ளைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றின் மேலும் கீழும் புறங்கையை வைப்பார். "மேல கொதிக்குது, கீழ ஜில்லுங்குது. வயித்துல சேறு கட்டிக்கிச்சா கழுத?" என்று அதனிடமே கேட்பார்.

இங்கிலாந்தில், ஹாலிஃபாக்ஸின் மேட்டுத் தெருக்களில் முப்பத்தைந்து வருஷமாக வீடுகளுக்குச் சூடேற்றுகிறார். முழங்கால் இரண்டும் போயாச்சு. படியேறினால் ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு உண்டு. கடைசி ரேடியேட்டர் சுடுகிற வரை தேநீரைத் தொடமாட்டார். யார்க்ஷயர்க்காரர் ஒருவர் தேநீரை மறுக்கிறாரென்றால் அதைக் கடும் விரதமென்றே சொல்ல வேண்டும்!

போன ஜனவரியில் ஐரீன் ஓல்ட்ராய்டு கூப்பிட்டார். பெற்றோரில்லாத பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்து வளர்ப்பவர். இந்த முறை வரவேண்டியவர்கள் அக்காளும் தங்கையும். அவர்களுக்காகவே பரணை அறையாக்கியிருந்தார். வெள்ளிக்கிழமை, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் நகரசபை அம்மாள் வந்து பார்ப்பார். அறை கதகதப்பாக இருந்தால் இருவரும் இங்கே. இல்லாவிட்டால் ஆளுக்கொரு வீடு.

பெர்னார்டு மேலே குழாய் இழுத்து, புது ரேடியேட்டர் மாட்டி, காற்றையும் வெளியேற்றினார். ஆனால் வெந்நீர் உச்சிக்கு ஏறினால்தானே! கீழேயிருந்த ஏழு ரேடியேட்டர்களும் வழியிலேயே குடித்துத் தீர்த்தன.

"என் ரூம்ல இருக்கறத அடைச்சிடுங்க பெர்னார்டு. எனக்கு ரெண்டு கம்பளி போதும்."

"நல்லா இருக்கு கண்ணு! புள்ளைங்க வேர்க்கணும், நீ வெறைக்கணுமா? எட்டுக்கும் பங்கு வச்சுத் தரேன், பேசாம இரு."

ஒவ்வொரு ரேடியேட்டரின் காலடியிலும், பிளாஸ்டிக் மூடிக்குள், வெந்நீரை மட்டுப்படுத்தும் ஒரு பித்தளைத் திருகு இருக்கும். கீழே உள்ளவற்றில் அதைக் கால் சுற்று அடைப்பார், காத்திருப்பார், புறங்கை வைப்பார், அடுத்த மாடிக்குத் திட்டிக்கொண்டே ஏறுவார். வியாழன் மாலை பரண் சுட்டது. "வந்துட்டியாடா ராஜா!" என்று அதைத் தட்டிக்கொடுத்தார்.

மனசு கேட்காமல் வெள்ளிக்கிழமை காலையில், கூப்பிடாமலே போய் நின்றார். வழக்கப்படி அறை அறையாகப் புறங்கை. பரண் கொதித்தது. ஐரீனின் அறை ஐஸாகக் கிடந்தது. மண்டியிட்டு மூடியைக் கழற்றினார். திருகு இறுக மூடியிருந்தது. பித்தளையில் குறட்டின் பல்தடம் புதிதாகப் பதிந்திருந்தது.

"என் பங்கு கணக்கு மேல உனக்கு நம்பிக்கை இல்லையா?" என்று கத்தத்தான் வாயெடுத்தார். அறை வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டு நின்ற ஐரீனைப் பார்த்ததும் மறுபடி திருகின் பக்கம் குனிந்தார். முணுமுணுத்தபடி அதைத் தான் வைத்திருந்த அளவுக்கே திறந்தார். மேலே ஏறிப்போய் அரைமணி நேரம் பரண் ரேடியேட்டர்மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தார். சூடு இறங்கவில்லை.

பதினோரு மணிக்கு நகரசபை அம்மாள் வந்தார், பரணுக்கு ஏறியதும் கோட்டைக் கழற்றினார். "நாளைக்கே ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துடறேன்" என்றார். ஐரீன் அழுதுகொண்டே தேநீர் ஊற்றினார்.

பெர்னார்டு கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோப்பையைக் கழுவி வைக்கிற சாக்கில் சமையலறை இழுப்பறையைத் திறந்து, திருகை இறுக்கிய ஐரீனின் இரும்புக் குறட்டை எடுத்துத் தன் பெட்டிக்குள் போட்டு மூடினார்.