புளியமரத்துக்கு உத்தரவு கேட்ட நாள்

எனக்குப் பேச்சு வராது. ஊமை இல்லை. மாடுகளிடம் நன்றாகப் பேசுவேன். மனைவியிடம் பக்கத்தில் யாரும் இல்லாதபோது பேசுவேன். நாலு பேர் கூடிய இடத்தில் மட்டும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம். வாத்தியார் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் சும்மா நிற்பேன். அவர் என்னை மக்கு என்று முடிவு கட்டினார். மறுப்பதற்கும் பேச வேண்டும் என்பதால் நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

இப்படிப்பட்டவன் ஒரு மரத்துக்காக வாயைத் திறக்க வேண்டி வந்தது.

திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் வெள்ளாமைக் காடு. அப்பா அதை எனக்கும் அண்ணனுக்கும் பிரித்துக் கொடுத்தபோது ஆளுக்கு ஒரு கிணறு அமைந்தது. நடுவில் போட்ட வரப்பின் மேல் ஒரு புளியமரம் நின்றது. நாலு பேர் கைகோத்துக் கட்டிப் பிடிக்க வேண்டிய மரம். பாதி மரம் அண்ணனுக்கு, பாதி மரம் எனக்கு என்று பெரியவர்கள் சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். எந்தப் பாதி யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை.

அண்ணன் காடு மரத்துக்குக் கிழக்கே. பிற்பகல் நிழல் முழுவதும் அவர் வெள்ளாமையின் மேல் விழும். புளிய நிழலில் கடலைச்செடி கம்மென்று குந்திக்கொள்ளும், வளராது. என் கிணறு மரத்துக்கு மேற்கே. விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுது வரை நான் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பேன். மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போய், திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து மேலே ஏறி வர வேண்டும். அந்தச் சரிவு முழுவதும் காலை நிழல் கிடக்கும். என் மாடுகளில் ஒன்று கிழடு. நிழல் இல்லாவிட்டால் அது பங்குனி வெயிலைத் தாங்காது. வேறு மாடு பிடிக்க என்னால் ஆகாது. தண்ணீர் இறைக்கவில்லை என்றால் எனக்கு வெள்ளாமை இல்லை. ஆகவே, அண்ணனுக்குப் பகையாக நின்ற அதே மரம்தான் எனக்குச் சோறு போட்டது.

யுத்தகாலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடின. மேட்டில் ஏற மாட்டாமல் நின்றுவிடும். ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். அந்த பஸ்களுக்குக் கரி சுட்டு விற்கும் வியாபாரி ஒருவர் ஊர் ஊராக மரம் தேடி வந்தார். அண்ணன் அவரைக் காட்டுக்கு அழைத்து வந்தார். அவர் பெண் பார்க்க வந்தவரைப்போல மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். மேலே பார்த்துச் சிரித்தார்.

“தம்பிக்குச் சம்மதந்தானுங்களே?” என்று அண்ணனைக் கேட்டார்.

“அவன் என்னத்தச் சொல்லப் போறான்? நாஞ் சொன்னா சரிதான்” என்றார் அண்ணன்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டேன்.

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். “ஏனுங்க, மரத்தையே கேட்டுக்கிட்டு இருக்கறாங்க, நீங்களும் மரமாட்டம் நின்னுட்டு வந்துருக்கறீங்க. வேண்டாமுன்னு ஒரு சொல்லுச் சொன்னா வாயி வெந்தா போயிரும்?”

“அண்ணன் முன்னால எப்புடி…”

“அண்ணன் முன்னால பேசமாட்டீங்க, அடுத்தவிய முன்னால பேசமாட்டீங்க. என்ற கழுத்துல தாலி கட்டறப்பக் கூட உங்கப்பாரு புடிச்சுத் தள்ளித்தான் உட்டாரு. நாம் பாத்துக்கறேன், உடுங்க.”

அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. மரத்தடியில் எங்கள் கருப்பணார் கல் ஒன்று நட்டிருக்கிறது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலுக்குப் போய்க் கதவோரம் நின்று சொல்லியிருக்கிறாள்: “மாமா, மரத்த வெட்டறதுன்னா வெட்டுங்க. ஆனா சாமி குடியிருக்கற எடம். கெடா துலுக்காம வெட்டுனா நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு நம்மளத்தான் பேசும்.”

எங்கள் பக்கம் சாமியிடம் உத்தரவு கேட்பது இப்படித்தான். கிடாயைக் கல்லுக்கு முன்னால் நிறுத்தி, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றுவார்கள். கிடாய் உடம்பை உதறித் துலுக்கினால் சாமிக்குச் சம்மதம். மூன்று தரம் ஊற்றியும் துலுக்கவில்லை என்றால் சம்மதம் இல்லை. துலுக்காத கிடாயை அண்ணன் தன் வயதில் பார்த்ததில்லை. உடனே ஒப்புக்கொண்டார்.

“கெடாய்க்கு நீங்க அலைய வேண்டாம் மாமா, எங்கூட்டுதே இருக்குது” என்று மனைவி சொன்னதைத்தான் அவர் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் மரத்தடியில் கூட்டம். கரி வியாபாரி வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார். பூசாரி கல்லுக்குப் பூ வைத்து, “கருப்பணாரே, மரத்த எடுக்கறதுக்கு உத்தரவு குடு சாமி” என்று சொம்புத் தண்ணீரைக் கிடாயின் மேல் ஊற்றினார்.

கிடாய் அசையவில்லை. கழுத்தில் கட்டிய வேப்பிலையை எட்டிக் கடித்து மென்றுகொண்டு நின்றது.

இரண்டாம் சொம்பு ஊற்றினார். கிடாய்க்கு மெல்வதில்தான் கவனம்.

“இன்னொரு சொம்பு ஊத்துங்க, அப்புடியே சீயக்காயும் தேச்சு உட்டுருங்க” என்றது கூட்டத்தில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கிடாயைக் குட்டியிலிருந்து நான் கவலைத் தொட்டி ஓரத்தில்தான் கட்டுவேன். அங்கேதான் புல் பசுமையாக இருக்கும். சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும் ஒவ்வொரு தடவையும் பாதித் தண்ணீர் அதன் முதுகில்தான் தெறிக்கும். தினமும் குளித்துக் குளித்து அதற்குத் தண்ணீர் என்பது காற்று மாதிரி ஆகிவிட்டது. மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கருப்பணாரைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் சொம்பும் ஆயிற்று. “சாமிக்கு மனசில்லீங்க” என்றார் பூசாரி.

அண்ணன் கிடாயின் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. “ஏய்யா, இது தொட்டியோரத்துல கட்டற கெடாயில்ல! தண்ணியிலயே பொறந்து தண்ணியிலயே வளந்தது எப்புடித் துலுக்கும்? இருங்க, என்ற கெடாயப் புடிச்சுக்கிட்டு வாரேன். அது ஒரு சொட்டுக்கே துலுக்கும்.”

துலுக்கும். அது எனக்கும் தெரியும். அண்ணன் வீட்டுக் கிடாய் தூறல் விழுந்தாலே கத்திக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடும். அதைக் கொண்டுவந்தால் மரம் போயிற்று. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பத்தடி நடந்துவிட்டார். மனைவி இப்போது கருப்பணாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

“அண்ணா” என்றேன்.

கூட்டம் முழுவதும் திரும்பியது. கிடாய் கூடத் திரும்பியதுபோல் இருந்தது.

“மரம் வேணுங்கண்ணா. நெழலில்லாட்டி என்ற மாடு செத்துப்போயிருமுங்க. உங்க பக்கத்துக் கெளைய நானே கழிச்சு உட்டர்றேன். மரத்த உட்டுருங்க.”

என் வாழ்நாளில் நாலு பேர் முன்னால் பேசிய நீளமான பேச்சு அதுதான். அது முடிந்து மூச்சு வாங்கும்போது கிடாய் தலையிலிருந்து வால்வரை ஒரு துலுக்குத் துலுக்கியது. மஞ்சள் தண்ணீர் எல்லாம் கரி வியாபாரியின் சட்டையில்.

ஊரே ஓவென்று கத்தியது. “உத்தரவு ஆயிருச்சுங்க!” என்றார் வியாபாரி சட்டையைத் துடைத்துக்கொண்டே.

“எதுக்கு? வெட்டறதுக்கா, உடறதுக்கா?” என்று ஒருவர் கேட்க, பூசாரி விழித்தார். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் என்னையும் கிடாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருக்கு வந்ததே ஒரு சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இவம் பேசுனதக் கேட்டு நானே துலுக்கியிருப்பேன், கெடா பாவம் என்ன பண்ணும்! இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சா என்னடா?”

மரம் தப்பியது. கிடாய் தப்பவில்லை, துலுக்கிய கிடாயைத் திருப்பிக் கொண்டுபோகும் வழக்கம் எங்களிடம் இல்லை. வியாபாரியும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

நான் சொன்னபடி வருஷா வருஷம் தை மாதம் பிறந்ததும் மரத்தில் ஏறி அண்ணன் பக்கத்துக் கிளைகளைக் கழிக்கிறேன், இன்றுவரைக்கும். அண்ணன் கீழே நின்று, இந்தக் கிளை, அந்தக் கிளை என்று கையைக் காட்டுவார். ஆசையில் சில சமயம் என் பக்கத்துக் கிளையையும் காட்டிவிடுவார்.

“அது வேண்டாங்கண்ணா” என்று சொல்லிவிடுகிறேன். மேலே உட்கார்ந்துகொண்டு சொல்வது எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.